வாய் கோணிய வெண்கல மனிதர்

பள்ளிக்கூடத்தைப் பத்தாம் வகுப்போடு விட்ட நான் சிற்பம் பற்றி எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நின்று பார்த்தது ஒரே ஒரு சிலை. அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

மகளின் கல்யாணத்துக்கு முதல் நாள் மனைவியை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். குளிர்காலத்தில் அவளுக்கு முகவாதம் வந்து, வாயின் ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது. அதன்பின் பேசும்போதெல்லாம் சால்வையால் வாயைப் பொத்திக்கொள்வாள். இனிப் பெரிய மாற்றம் வராது என்றார் டாக்டர்.

எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி, பெண் கோவிலுக்குப் புறப்படுமுன் வீட்டில் முழந்தாளிடுவாள். தாய் அவள் நெற்றியில் சிலுவை போட்டு முத்தமிடுவாள். வீடியோக்காரர் முகத்துக்குக் கிட்ட வந்து எடுப்பார். அதைத் தன் மச்சாள், அதாவது என் அக்கா, செய்யட்டும் என்று மனைவி முடிவுகட்டியிருந்தாள். மகள் அழுதும் பார்த்துவிட்டாள்; மனைவி மசியவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த மியூசியத்துக்குள் ஒதுங்கினோம். வாசலை அடுத்த அறையில் மார்பளவு வெண்கலச் சிலை ஒன்று. அமெரிக்கச் சிற்பி, பத்தொன்பதாம் நூற்றாண்டு, கப்பல் வியாபாரி ஒருவர் என்று அட்டையில் இருந்தது. தூக்கம் போதாத கண்ணிமை, கழுத்தில் தொங்கும் சதை, மேல் பொத்தான் போடாத கோட்டு. அவர் இருமியிருந்தால் நான் விலகி நின்றிருப்பேன். அவருடைய வாயும் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. களிமண்ணில் இருந்தபோது அதை நேராக்கச் சிற்பிக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? ஆனாலும் அவர் கைவைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

மனைவி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காசு குடுத்துச் செய்விச்ச மனுசன். வாயை நேராக்கிவிடு எண்டு கேக்கேல்லையே?"

"கேட்ட மாதிரித் தெரியேல்லை," என்றேன்.

பிறகு, கோவிலில் புனிதர் சுரூபத்துக்குச் செய்கிற பழக்கத்தில், அந்த வெண்கலக் கன்னத்தைத் தொட்டு விரல்களை உதட்டில் ஒற்றிக்கொண்டாள். காவலுக்கு நின்ற பெண் விரைந்து வந்து, தொடக்கூடாது என்று தன்மையாகச் சொன்னாள். எனக்குக் காது சுட்டது. மனைவி மன்னிப்புக் கேட்டாள். கேட்கும்போது சால்வை அவள் தோளிலேயே கிடந்தது.

எங்கள் வீடு இருக்கும் பிளேஸ்டோவில் பஸ் நின்றது. இறங்குகிற நேரம் மனைவி சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, மச்சாளிட்டைச் சொல்லிவிடுங்கோ. சிலுவையை நானே போடுறன்."

"வீடியோ எடுப்பினமே?"

"எடுக்கட்டும். அந்தாள் இத்தினை வருசமாய் ஊரே பாக்க இருக்குதெல்லே."

மறுநாள் காலை மகள் முழந்தாளிட்டாள். மனைவி சிலுவை போட்டு முத்தமிட்டாள். வெளிச்சம் போதாது என்று வீடியோக்காரர் இன்னொரு முறை செய்யச் சொன்னார். செய்தாள். கோவிலுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் போனோம்.