பி.எம்.பி. மாப்பிள்ளை

பிரவுசிங் சென்டரில் வேலை பார்ப்பவருக்குக் கல்யாணத் தரகர் வாங்கும் திட்டு அத்தனையும் உண்டு, கமிஷன் மட்டும் கிடையாது. டெலிபோன் வயர் வழியே இன்டர்நெட் சொட்டிக்கொண்டிருந்த காலத்தில், மோடம் கத்துவதைக் கேட்டபடி கஸ்டமர் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்த என் சக துன்பசாலிகளே, இது உங்களுக்குத்தான். நான் உட்கார்ந்திருந்தது முத்தியால்பேட்டையில்.

வெள்ளைத் துணி

கஸ்தூரியம்மா தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் எடுப்பவர். அவர் மகள் ரேவதி லாஸ்பேட்டையில் பி.காம். முடித்திருந்தாள். பாரிஸில் ஒரு சொல்தா வீட்டுப் பையன், அதாவது தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த வீட்டுப் பையன். அவனுக்கு ரேவதியைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் போட்டோ வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்றார்கள் அங்கே. நானும் அவரைப் பார்த்த பிறகுதான் தலையாட்டுவேன் என்றாள் ரேவதி இங்கே. இரண்டு படமும் கடல் தாண்டாவிட்டால் சம்பந்தம் கைநழுவிவிடும் என்று கஸ்தூரியம்மாவுக்கு ஒரே பதைப்பு. எனக்கு என்னவோ என் கல்யாணம் போலவே பரபரத்தது.

எங்கள் முதலாளிக்குத் தரம்தான் தெய்வம். ஒரு புள்ளி விடாமல் ஸ்கேன் செய்து பி.எம்.பி.யில் போடச் சொன்னார். அது படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் அப்படியே எழுதிவைக்கும் கோப்பு. சுருக்கு என்றாலும் சுருங்காது. ரேவதிக்குப் பின்னால் ஸ்டுடியோக்காரர் தொங்கவிட்டிருந்த வெறும் வெள்ளைத் துணிக்கும் அவள் முகத்துக்கு ஆகிற அதே இடம். மெயில் நகரவே இல்லை. விஷயத்தை விளக்கினேன். கஸ்தூரியம்மா கொதித்துவிட்டார்: "அந்தத் துணிக்கும் சேத்தா நான் இங்க குந்திக்கினு கெடக்கறேன்? அத வுட்டுட்டு எம் பொண்ண மட்டும் அனுப்பும்மா!"

முதலாளியின் வைத்தியம்

"ஜேபெக்னா சின்னதாப் போவும்" என்று யாரோ முதலாளிக்குச் சொல்லியிருந்தார்கள். மனுஷர் கீபோர்டைப் பிடுங்கினார். கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்தான பி.எம்.பி.யை அழித்தார், ஜேபெக்குக்கு உரிய ஜே.பி.ஜி. என்று அடித்தார், வெற்றிப் பெருமிதத்தோடு நாற்காலியில் சாய்ந்தார்.

பெயர் மாறியதே தவிர, உள்ளே இருந்தது அதே பி.எம்.பி. அளவும் இம்மி குறையவில்லை. முதலாளியிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தேன். எட்டிப்பார்த்த ரேவதிக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை: "பேர மாத்துனா ஒடம்பு எளைச்சிடுமா சார்?"

தேமல்

அடுத்து ஜிஃப் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டார் முதலாளி. கோப்பு நிஜமாகவே இளைத்தது. கடையே கைதட்டியது. ஆனால் ஜிஃப் கோப்பில் மொத்தமே இருநூற்று ஐம்பத்தாறு நிறம்தான். கடைப் பெயர்ப் பலகைக்கு அது தாராளம். மாநிறப் பெண்ணின் கன்னத்துக்குப் போதாது. மெல்ல மெல்ல மாற வேண்டிய நிறமெல்லாம் திட்டுத் திட்டாக நின்றது.

கஸ்தூரியம்மா ஸ்கிரீனுக்கு மூக்கு முட்டப் போனார். பக்கத்து சீட்டில் சாட் செய்துகொண்டிருந்த பையன்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம்: "எம் பொண்ணு மொகத்துல ஏதுடி தேமலு?"

மூக்கு எங்கே

கடைசியில் நானே முறைப்படி ஜேபெக்காக மாற்றி அனுப்பினேன். கண்ணுக்குத் தெரியாததைக் கழித்துவிட்டுத் தெரிவதை வைத்துக்கொள்ளும் கெட்டிக்காரக் கோப்பு அது. காபி ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்தது! நான் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தே விட்டேன். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று பதில் வந்தது; கூடவே பையனின் படமும், தபால்தலை சைஸில்.

"பெருசு பண்ணுங்கக்கா" என்றாள் ரேவதி. பண்ணினேன். படத்தில் இல்லாத புள்ளிக்கு நான் எங்கே போவேன்? முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. கஸ்தூரியம்மா, "லட்சணமாத்தான் கீறாரு, சரின்னு சொல்லேண்டி" என்று கெஞ்சினார். மகள் மசியவில்லை: "எது மூக்குன்னு நீ காமி, சரின்னு சொல்றேன்."

கீழிருந்து மேல்

முழுப்படம் கேட்டு எழுதினோம். அந்தப் புண்ணியவானும் எங்கள் முதலாளி ஜாதிதான் போலிருக்கிறது, பி.எம்.பி.யில் அனுப்பிவைத்தார். திறந்தேன். பி.எம்.பி.க்கு ஒரு குணம்: படத்தைக் கடைசி வரியிலிருந்து எழுதிவைத்திருக்கும். அதனால் ஸ்கிரீனில் மாப்பிள்ளை காலிலிருந்து மேலே வர ஆரம்பித்தார். செருப்பு வந்தது. பேன்ட் வந்தது. சாட் பையன்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் கூடிவிட்டார்கள். இடுப்பில் கட்டிய சமையல் துணி, வெங்காயம் நறுக்கும் பலகை, கத்தி பிடித்த கை, நெஞ்சு...

அதோடு நின்றது. மாடியில் முதலாளியம்மா யாருக்கோ பேச அதே லைனில் ரிசீவரை எடுத்துவிட்டார், லைன் போச்சு. கடை மொத்தமும் "ஐயோ!" என்றது. கஸ்தூரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாடி இது, ஆம்பள அடுப்பங்கரையில நின்னுக்கினு போட்டோ புடிச்சி அனுப்பிகீறாரு!" சம்பந்தம் போயே போச்சு என்று நான் நினைத்தேன். ரேவதி அந்தப் பாதிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நறுக்கிய வெங்காயத்தில் விரலை வைத்துப் பார்த்தாள், ஒரே அளவு. முகமெல்லாம் சிரிப்பு: "மேல் பாதி எப்படி இருந்தாலும் பரவால்லக்கா, சம்மதம்னு அடிச்சி அனுப்புங்க!"

மறுநாள் மோடம் மனசு வைத்து மாப்பிள்ளையின் தலையையும் இறக்கித் தந்தபோது அதைப் பார்க்கக் கடையில் நான் ஒருத்திதான் இருந்தேன்: நல்ல மூக்குதான்.