மூன்றும் எட்டும் எங்கிருந்து வந்தன?

பெயர்: பிரபாலினி விமலநாதன். பிறப்பு: 14 மார்ச் 1982, சாவகச்சேரி. ஜெர்மனிக்கு வந்தது: நவம்பர் 2006. வசிப்பிடம்: ஸ்டுட்கார்ட். தொழில்: பல் மருத்துவ நிலையத்தில் துப்புரவுப் பணி, பதினொரு ஆண்டுகள். மாலைநேரப் பாடசாலையில் சேர்ந்தது: செப்டம்பர் 2022.

செயற்கைப் பற்கள் செய்யும் கூடமொன்று அவருக்குத் தொழிற்பயிற்சி இடம் தர ஒப்புக்கொண்டிருந்தது. மாலைப் பாடசாலையின் இறுதித் தேர்வில் கணிதத்தில் மூன்றாம் தரமாவது பெற வேண்டும் என்பது நிபந்தனை; அங்கே ஒன்று மிக உயர்ந்த தரம், ஆறு மிகத் தாழ்ந்தது.

2024 பிப்ரவரி மாதிரித் தேர்வில் x² − 11x + 24 = 0 என்ற சமன்பாடு வந்தது. பிரபாலினி அதன் கீழே (x − 3)(x − 8) = 0 என்று எழுதி, அடுத்த வரியில் 3, 8 என்று விடையளித்தார். இரண்டும் சரி. கிடைத்தது நான்கு புள்ளிகளில் ஒன்று. ஓரத்தில் ஆசிரியை "எங்கிருந்து?" என்று எழுதியிருந்தார்.

கணவர் விமலநாதன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விடை சரிதானே. பிறகேன் வெட்டினவ?"

"செய்கை இல்லையாம். விடை வந்த வழியை எழுதேல்லையாம்."

"பாத்தெழுதினனீர் எண்டு நினைச்சிருப்பா."

"ஆரைப் பாத்து? பக்கத்தில இருந்தவன் கேள்வியையே பிழையாத்தான் எழுதினவன்!"

சாவகச்சேரியில் பிரபாலினி படித்த வகுப்பில், பெருக்கினால் 24, கூட்டினால் 11 தரும் எண்களைத் தனித்தாளில் தேடுவார்கள். தேடிய தடம் விடைத்தாளில் தெரிந்தால் அங்கே புள்ளி குறையும். கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அவர் கை அப்படியே செய்தது. தனித்தாளைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டே வெளியே வந்திருந்தார்.

மறுநாள் ஆசிரியையிடம் போனார். வகுப்பில் எல்லோரும் எழுதும் சூத்திரத்தையே எழுதலாமே என்றார் ஆசிரியை. சூத்திரம் பிரபாலினிக்கு மனப்பாடம். ஆனால் எழுதும்போது வர்க்கமூலத்துக்குள் குறி மாறிவிடும். காரணிப்படுத்துவதில் அவர் தவறியதில்லை. ஒவ்வொரு அடியும் தாளில் இருந்தால் அந்த முறையையும் ஏற்பதாக ஆசிரியை சொன்னார்.

"பிரியாத கணக்கு வந்தா?" என்று வீட்டில் விமலநாதன் கேட்டார்.

"வந்தா சூத்திரம். மற்றதெல்லாம் என்ர முறை. நீங்கள் சும்மா இருங்கோ."

அதன்பின் பொருந்தாத எண்களையும் விடைத்தாளிலேயே எழுதி, கோடிட்டு வெட்டப் பழகினார். அழுக்கான தாளைக் கொடுப்பது போல முதலில் கூச்சமாக இருந்தது.

மே மாத இறுதித் தேர்வில் 2x² − 7x − 15 = 0 வந்தது. பெருக்கினால் −30, கூட்டினால் −7. ஒன்றும் முப்பதும், இரண்டும் பதினைந்தும், ஐந்தும் ஆறும் வெட்டுப்பட்டன. −10, +3 நின்றன. நடு உறுப்பைப் பிரித்து, (x − 5)(2x + 3) = 0 வரை வந்தார். திரும்பப் பெருக்கிச் சரிபார்த்ததையும் எழுதினார்.

கணிதத்தில் தரம்: 3. பயிற்சி தொடங்கிய நாள்: 2 செப்டம்பர் 2024. அந்த வினாவுக்கு எழுதிய வரிகள்: பதினொன்று.