முதலாளியைப் பிடித்துக்கொண்ட ஸ்டீயரிங்

நண்பர்களே, எழுதக் கற்றபின் மெஸ் பலகையில் நானே எழுதி ஒட்டும் முதல் தாள் இது.

லாரிக்குப் பெரிய எஞ்சின் மாற்றியதால், அதை விட்டு ஒதுங்கிப் போகும்படி புது ஸ்டீயரிங் ஷாஃப்ட் செய்தேன். ஒல்லியான டிரைவர் செல்வத்தை உட்காரவைத்து அளவெடுத்தேன். சரியாக வந்தால் ஊருக்கு லீவு என்று நம் விசாவைக் கையில் வைத்திருக்கும் அரபி முதலாளி, கபீல், சொல்லியிருந்தார்.

இன்று அவரே ஏறினார். மூச்சை இழுத்து உட்கார்ந்தவர், மூச்சை விட்டதும் சீட்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே மாட்டிக்கொண்டார்.

"யல்லா, ஜல்தி" என்று அவசரப்படுத்தினார்.

"லீவை இப்பவே கேட்டுருங்கண்ணே" என்று செல்வம் காதைக் கடித்தான்.

கேட்டேன். "அச்சா, அச்சா" என்று கபீல் தலையாட்டினார்.

ஷாஃப்டில் ஒரு போல்ட்டைக் கழற்றினேன்; ஸ்டீயரிங் விலகியது. இறங்கியதும், "லீவு மாஃபி, கிடையாது. முதல்ல வேற ஷாஃப்ட்" என்றார்.

அவரை விடுவிக்க ஒரு போல்ட் போதுமாக இருந்தது. என்னை விடுவிக்க எதைக் கழற்றுவது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். இப்போது எனக்குப் படிக்கத் தெரியும்.