ஹாடோ சாமி வாசலில் படுத்த நாள்

எங்கள் கிறிஸ்தவத் துறவி மடத்தில் நாய் குரைத்தாலும் முதலில் திடுக்கிடுகிறவர் ஹாடோ சாமிதான். மடத்துத் தலைவரும் அவர்தான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நோயாளி அறையைப் பார்த்துக்கொள்கிற எம்மோ நான். அவர் கை நடுங்குவதை என்னளவு பக்கத்தில் இருந்து பார்த்தவர் யாரும் இல்லை.

பால் மணம் மாறாத வயதிலேயே அவருடைய அப்பா அவரை மடத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். பிள்ளையின் கையைப் பீடத்துணியில் சுற்றி ஒப்புக்கொடுப்பது எங்கள் வழக்கம். துணியைச் சுற்றியதும் அவர் வீறிட்டு அழுதாராம். அதற்குப் பிறகு இடிக்குப் பயம், குதிரைக்குப் பயம், மியூஸ் ஆறு கரை புரண்டால் பயம், மறைமாவட்ட ஆயருடைய ஆட்கள் வந்தால் அதைவிடப் பயம். பழைய தலைவர் கண்ணை மூடியதும் நாங்கள் கூடி இவரையே தேர்ந்தெடுத்தோம். பக்தியைப் பார்த்துத்தான் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டோம். இந்தப் பயந்தாங்கொள்ளி நம்மை என்ன செய்துவிடப் போகிறார் என்பதுதான் ஆளாளுக்கு மனசில் இருந்தது.

அவருடைய பெரிய பயம் எதுவென்று எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. எங்கள் சபையைத் தொடங்கிய ஆசீர்வாதப்பர் எழுதிவைத்த விதியில் ஒரு பகுதியைக் காலையில் எல்லோருக்கும் வாசிப்போம். தலைவனானவன் தன் கையில் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வோர் ஆத்துமாவுக்காகவும் தீர்வை நாளில் ஆண்டவர் முன் பதில் சொல்ல வேண்டும் என்று அதில் ஓர் இடம் வரும். எங்களுக்கு அது தூக்கம் வருகிற இடம். அவருக்கு முகம் வெளுத்துப் போகிற இடம்.

அப்படி இருக்கும்போதுதான் ராத்போத் விவகாரம் வந்தது. ராத்போத் எங்கள் பண்டகசாலைக்காரர். வாய்த்துடுக்கு, ஆனால் கை தாராளம். ஒரு பனிக்காலத்துக் காலைக் கூட்டத்தில் துணைத்தலைவர் கோஸ்லின் எழுந்து, "இவரு படுக்கைக்கு அடியில ஆட்டுத்தோல் ஒண்ணு சொந்தமா வச்சிருக்காரு" என்று குற்றம் சாட்டினார். எங்களுக்குச் சொந்தம் என்று ஓர் ஊசிகூட இருக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். ராத்போத் விழவில்லை.

"ஆசீர்வாதப்பர் இத்தாலியில வெயில்ல உக்காந்து எழுதிட்டாரு. இங்க வந்து ஒரு பனிக்காலம் இருந்து பாக்கட்டும், அவரே ரெண்டு தோல் கேப்பாரு."

நாங்கள் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்புதான் வினை. இனி விட்டுக்கொடுத்தால் மடம் கையை விட்டுப் போய்விடும் என்று பயந்து ஹாடோ சாமி அவரை விலக்கிவைத்தார். பந்தியில் இடம் இல்லை, கோயிலில் இடம் இல்லை, பூசையில் நன்மை என்கிற திவ்விய அப்பம் வாங்க முடியாது. யாரும் அவரோடு பேசக் கூடாது. பேசினால் பேசியவருக்கும் அதே தண்டனை. ஆட்டுத்தோலைப் பிடுங்கிப் பிச்சைக்காரனுக்குக் கொடுத்தாயிற்று. விலக்கு நீங்க ஒரே வழிதான். ஜெபம் முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது அந்த ஆள் வாசலில் குப்புற விழுந்து கிடக்க வேண்டும், தலைவர் "போதும்" என்று சொல்ல வேண்டும்.

ராத்போத் விழுவாரா? மரத்தூண்கூட வளையும், அவர் வளைய மாட்டார். அதற்குள் நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் கண்டு, என் அறைக்கு வந்து சேர்ந்தார். நான் கஞ்சி ஊட்டலாம், நெற்றிக்கு ஈரத்துணி போடலாம், வாயைத் திறக்கக் கூடாது. கைச்சாடை காட்டினால் அது பேச்சா இல்லையா என்று விதியில் இல்லை. நான் காட்டினேன்.

மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் ஹாடோ சாமிக்கு ஆள் அனுப்பினேன். வந்து கட்டிலருகே நின்றார். "ராத்போத், மன்னிப்புக் கேட்டதா தலையை மட்டும் அசைப்பா. அது போதும் எனக்கு" என்றார். ராத்போத் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்து என் கையைப் பிடித்தார். "தோலைப் பிடுங்கினது நான். காய்ச்சல் வந்தது அதனாலதான். இப்படியே போயிட்டான்னா அவன் நரகத்துக்கு, அவனைத் தள்ளினதுக்கு நான். அங்க என்ன சொல்லுவேன் எம்மோ?"

பகல் ஜெபத்துக்கு மணி அடித்தது, போய்விட்டார்.

ஜெபம் முடிந்து எல்லோரும் நோயாளி அறைப் பக்கம் வந்தார்கள். முன்னால் வந்தவர் ஹாடோ சாமி. அறை வாசலில் மண்டியிட்டார், பிறகு கைகளை நீட்டிக் குப்புறப் படுத்துவிட்டார். பனி உருகி ஓடிய கல்தரை அது.

கோஸ்லின் பதறிப்போனார். "சாமி, என்ன பண்றீங்க? ஒருத்தர் தப்புக்கு இன்னொருத்தர் விழறதுன்னு விதியில எங்கயும் இல்லயே."

"இல்லதான்" என்றார் தரையிலிருந்தபடியே. "தீர்வையில இவனுக்காக என்னைத்தான நிக்க வைப்பாங்க? இங்கயே ஆரம்பிச்சிடறேன்."

அவர் உடம்பு முழுக்க உதறியது. குளிரால் அல்ல, எனக்குத் தெரியும். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"யாரது வாசல்ல விழுந்து கிடக்கிறது?" என்றார் ராத்போத். "எம்மோ, யாருய்யா செத்துப்போனது?"

விலக்கு நீங்கும்வரை நான் வாயைத் திறக்க முடியாது. என் விரலைத் தொட்டு, தலைவர் மட்டும் அணிகிற மோதிரத்தைச் சாடை காட்டினேன். ராத்போத்தின் கண்களில் அதுவரை நான் பார்க்காத ஒன்று வந்தது. அந்த மனிதர் பயந்துவிட்டார். போர்வையை உதறிவிட்டு உருண்டு தரையில் விழுந்தார். தூக்கப் போனேன், தட்டிவிட்டார். முழங்கையை ஊன்றி ஊர்ந்து வாசல்வரை வந்து, ஹாடோ சாமிக்குப் பக்கத்தில் முகத்தைக் கல்லில் வைத்தார்.

"சாமி, எந்திரிங்க. உங்க உடம்புக்கு ஆகாது."

ஹாடோ சாமி தலையைத் தூக்கினார். பக்கத்தில் கிடந்தவரையே பார்த்தார்.

"சொல்லுங்க சாமி. எனக்கு நேரம் இல்ல."

"போதும்" என்றார். பிறகு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், யாராவது நிறுத்தினால்தான் நிறுத்துவார் போல.

சாகிறவருக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதலை அவசரமாகக் கொடுத்து, நன்மை கொடுத்து, எங்கள் வழக்கப்படி தரையில் சாம்பலைப் பரப்பிக் கோணி விரித்து ராத்போத்தைக் கிடத்தினோம். சாவை அறிவிக்கிற மரப்பலகையை நான் தட்டினேன். அந்தச் சத்தம் கேட்டால் வயலில் இருப்பவர்களும் ஓடி வர வேண்டும். எல்லோரும் சூழ நின்று விசுவாச மந்திரம் சொல்லச் சொல்ல, தலைவர் மடியில் தலை வைத்தபடி ராத்போத் போனார்.

இனியாவது இந்த மனிதருக்குப் பயம் தெளியும் என்று நினைத்தேன். அவர் ராத்போத்தின் கண்ணை மூடிவிட்டு நிமிர்ந்தார். சுற்றி நின்ற எங்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சமையல்காரரை, பாட்டுக்காரரை, கோஸ்லினை, என்னை. முன்னைவிட அதிகமாக நடுங்கினார். எங்களையெல்லாம் அவர் இன்னும் கரை சேர்க்க வேண்டியிருந்தது.

அன்று மாலையே கோஸ்லினிடம் போனேன். ஆட்டுத்தோலைக் காட்டிக்கொடுத்ததற்காக, ராத்போத் படுத்ததிலிருந்தே அவரை மனசுக்குள் சபித்துக்கொண்டே இருந்தேன். அவர் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை. இருந்தும் அவர் காலடியில் விழுந்து மன்னிப்புக் கேட்டேன். கோஸ்லின் மேல் அன்பு சுரந்து அல்ல. என் பொருட்டும் அந்த மனிதர் ஒரு கல்தரையில் படுக்க வேண்டாம் என்றுதான்.