நான்காம் தடம்

டென்மார்க்கில் பிறந்த என் மகள், அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கென்று தொடங்கப்பட்ட பழைய பல்கலைக்கழகம் ஒன்றில், ஓட்டத்துக்குக் கிடைத்த உதவித்தொகையில் படிக்கிறாள். போட்டிகள் தொடங்குமுன் மருத்துவப் படிவத்தோடு அழைத்தாள்.

"அம்மா, குடும்பத்தில ஆராவது சின்ன வயசில திடீரெண்டு செத்தவையோ எண்டு கேட்டிருக்கு. மாமாவை எழுதட்டே?"

என் தம்பி யாழ்ப்பாணத்தில் கரப்பந்து ஆடும்போதே சரிந்து இறந்தவன்.

"இல்லை எண்டு எழுது. நாளைக்குக் கலியாணம் பேசேக்கை பரம்பரை வருத்தம் எண்டு கதைப்பினம்."

"ஓகே," என்று வைத்துவிட்டாள்.

கல்லூரிகளுக்கிடையிலான நானூறு மீட்டர் ஓட்டத்தை டென்மார்க்கில், ஸ்கீவ நகரத்து வீட்டிலிருந்து நேரலையில் பார்த்தேன். எல்லோரும் குனிந்து தயாராக நின்றார்கள். மகளின் நான்காம் தடத்தில் மட்டும் ஆளில்லை. ஓட்டத்தைத் தொடங்கும் வெடி கேட்டது. அதே நேரம் என் கைபேசி அடித்தது, அமெரிக்க எண். தம்பியைத் தூக்கிவந்த நாள் கண்ணில் நிற்க, எடுத்தேன்.

மகள்தான் பேசினாள்.

"நான் ஓம் எண்டுதான் எழுதினனான் அம்மா. கோச் அதைப் பாத்திட்டு, விடாப்பிடியா இதயத்தை ஸ்கேன் பண்ணுவிச்சவ. இண்டைக்குத்தான் முடிவு வந்தது, இதயத்தில பரம்பரை வருத்தமாம். மாமாவுக்கும் இதுதான் இருந்திருக்குமாம். இனி ஓடேலாது."

நான் சொன்னதைக் கேட்டிருந்தால் அன்று அவள் ஓடியிருப்பாள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், ஏன் மகள் ஓடுவதில்லை என்று சனம் கேட்டால், "காலில சின்ன நோவு" என்றுதான் என் வாயில் வருகிறது.