தோட்டம் என்று சொன்னேன்

மானிப்பாயில் ஒரு தனியார் வைத்தியரிடம் போயிருந்தபோது, "என்ன வேலை செய்யிறீங்கள் ஐயா?" என்று அவர் கேட்டார். "தோட்டம்" என்று சொன்னேன்.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடமாக மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். அச்சுவேலியில் புறப்பட்டுக் கோப்பாய் வழியாக யாழ்ப்பாண நகரம், திரும்ப அச்சுவேலி. கோப்பாயில் என் வீட்டுக் கிணற்றடியில் நாலு கத்தரிக்கன்று நின்றது. அதைவிட்டால் எனக்குத் தோட்டமும் இல்லை, துரவும் இல்லை.

சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருக்கிறதென்று தெரிந்தால் சாரதி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க விடமாட்டார்கள் என்று எங்கள் பஸ் தரிப்பிடத்தில் ஒரு கதை உலாவியது. உண்மையா பொய்யா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டாலே மாட்டிக்கொள்வேன் என்ற பயம். எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

வைத்தியர் இளம் பெண். அதுவரை இரண்டு விதமான குளிசைகளைத் தனித்தனியாகப் போட்டுவந்தேன். மத்தியானக் குளிசை பெரும்பாலும் சட்டைப்பையிலேயே வியர்வையில் கரைந்துபோகும். இரத்தத்தில் சீனி இறங்கவேயில்லை. அதனால் இரண்டு மருந்தும் ஒன்றாகச் சேர்ந்த குளிசை ஒன்றை எழுதினார்.

"காலமைச் சாப்பாட்டோடை ஒண்டு, இரவுச் சாப்பாட்டோடை ஒண்டு. இதைப் போட்டிட்டுச் சாப்பிடாமல் மட்டும் இருந்திடாதேங்கோ. சீனி திடீரெண்டு இறங்கிவிடும். வாகனம் ஓடுற ஆக்களுக்கு இதைக் குடுக்க நாங்கள் சரியா யோசிப்பம். உங்களுக்குப் பிரச்சினையில்லை. கை நடுங்கினால் வரம்பிலை இருந்து ஏதும் இனிப்பாச் சாப்பிடுங்கோ."

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். தலையை ஆட்டிவிட்டுத் மருந்துத் துண்டை வாங்கி மடித்துக்கொண்டு வந்தேன்.

என் முதல் ஓட்டம் காலை ஆறு மணிக்கு முன்பே. அந்த நேரத்தில் வீட்டில் தேத்தண்ணி மட்டும்தான். குளித்துவிட்டுத் தேத்தண்ணியோடு குளிசையை விழுங்குவேன். சாப்பாடு இரண்டாவது ஓட்டம் முடிந்து ஒன்பது மணிக்கு. முதல் கிழமை வயிறு கலக்கியது. சாரதி இருக்கையில் வயிறு கலக்கினால் என்ன செய்வது? வலப்பக்கம் கதவு, இடப்பக்கம் கொதிக்கும் எஞ்சின் மூடி, அதன்மேலும் இரண்டு பேர். கியர் போட இடமில்லாமல் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பைகள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். வயிறு பழகியது. பிறகு கைநடுக்கம் தொடங்கியது. இனிப்பு ரொபியைக் கன்னத்தில் ஒதுக்கிச் சமாளித்தேன். நடத்துநர் என் மனைவியின் தம்பி. அவனுக்குக்கூடச் சொல்லவில்லை.

ஒரு நாள் புத்தூரில் வெங்காய லொறி ஒன்று அச்சு முறிந்து வீதியை மறித்து நின்றது. முக்கால் மணித்தியாலம் நகரவில்லை. நீர்வேலிக்கு வந்தபோது அலுவலகத்துக்குப் பிந்தியவர்கள் எல்லோரும் தொற்றிக்கொண்டார்கள். வாழைப்பழக் கூடையோடு அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாவும் ஏறி, எனக்குப் பின்னால் நின்றார். சட்டைப்பையில் கைவிட்டேன். ரொபி முடிந்திருந்தது.

கோப்பாய்ச் சந்தி தாண்டியது நினைவிருக்கிறது. பிறகு வியர்வை. நெஞ்சு படபடத்தது. பிரேக் மிதி எங்கோ தூரத்தில் கிடப்பதுபோல் இருந்தது. முன்னால் சைக்கிளில் போனவரை நான் பார்க்கிறேன், ஆனால் அவரை இடிக்காமலிருக்க என்ன செய்யவேண்டும் என்பது புத்தியில் வரவில்லை. எப்படி ஓரங்கட்டினேன் என்று இன்றுவரை தெரியாது.

"தம்பி, வாயைத் திற!"

அந்த அம்மா உரித்த பழத்தை என் வாய்க்குள் அடைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மென்றேன். சற்று நேரத்தில் சத்தங்கள் திரும்பி வந்தன.

"உவருக்குச் சீனி" என்று அவர் பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார். "என்ரை மனுசனுக்கும் உப்பிடித்தான் வாறது."

மச்சான் என் முகத்தைப் பார்த்தான். "ஓமோ அத்தான்?"

"சும்மா இரு. காலமை சாப்பிடேல்லை, பசி" என்றேன்.

"பொய் சொல்லாதை தம்பி" என்றார் அம்மா. "வேறை ஆரையும் ஓடச் சொல்லு."

பின்னால் ஒருவர் நேரமாகிறது என்று கத்தினார். நான் எஞ்சினை இயக்கினேன். அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். "உவர் ஓடுற பஸ்ஸிலை நான் வரமாட்டன்." வேறு யாரும் இறங்கவில்லை. அத்தனை பேரையும் நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

மறுநாளே குளிசையை நிறுத்தினேன். கைநடுக்கம் நின்றது. ஆனால் தாகம் அடங்கவில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் மறைவிடம் தேடி ஓடினேன். பத்து நாளில் கண் மங்கியது. குளிசை போட்டால் கை என்னுடையதில்லை, போடாவிட்டால் கண் என்னுடையதில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு அதே இருக்கையில் அதே வீதியில் போய்வந்தேன். இருபாலையில் கைகாட்டி நின்றவர்களை ஒரே நாளில் மூன்று தரம் காணாமல் தாண்டினேன்.

அன்று மாலை கடைசி ஆள் இறங்கியபின் மச்சான் கதவைச் சாத்திவிட்டு எஞ்சின் மூடியில் வந்து உட்கார்ந்தான்.

"அத்தான், அக்காவுக்கு நான் சொல்லட்டோ, நீங்கள் சொல்லுறியளோ?"

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் இருவரும் மானிப்பாய்க்குப் போனோம். வைத்தியர் விரலில் குத்திப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"குளிசை போடேல்லையோ?"

"இல்லை. டொக்டர், நான் தோட்டம் செய்யிறேல்லை. பஸ் ஓடுறன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கோபம் வந்தது தெரிந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் ஓடேக்கை சீனி இறங்கிச்சுதோ?"

"ஓம்."

"எத்தினை பேர் பஸ்ஸிலை?"

மச்சான்தான் சொன்னான், நிற்க இடமில்லை என்று.

அவர் வேறொரு குளிசை எழுதினார். அதுவும் இரண்டு மருந்து சேர்ந்ததுதான். ஆனால் சீனியை அப்படித் திடீரென்று விழுத்துவது அரிது என்றார். கண் தெளிந்து, சீனி ஒரு நிலைக்கு வரும்வரை ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்றார். அனுமதிப்பத்திரத்தைப் பற்றிக் கேட்டேன். "அதுக்கு நான் உள்ளதைத்தான் எழுதுவன். கட்டுப்பாட்டிலை இருந்தால் அதையும் எழுதுவன்" என்றார்.

மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். ஏழு மணிக்கு மனைவி புட்டும் பயறும் அளந்து வைத்துவிட்டு, நான் சாப்பிட்டுக் குளிசை போடும்வரை எதிரில் நிற்பாள். அவள் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. மறைத்ததைத்தான் அவளால் பொறுக்கமுடியவில்லை. வீட்டுக்கு வரும் ஒழுங்கை முனையால் என் பஸ் வேறொருவரின் கையில் போகும். ஹோர்ன் சத்தத்தில் அது என்னுடையது என்று தெரியும். எழும்பி வெளியே போகமாட்டேன். போனால் பார்ப்பவர்கள் எல்லோரும், "இப்ப சீனி எப்பிடி?" என்று கேட்பார்கள்.

வைத்தியர் கடிதம் தந்தபின் பஸ் முதலாளி என்னைத் திரும்ப எடுத்தார். காலை ஓட்டம் இல்லை, பத்து மணிக்குப் பிந்திய ஓட்டங்கள் மட்டும். மணி அடிக்கமுன் மச்சான் பின் கதவிலிருந்து சத்தமாகக் கேட்கிறான்:

"அத்தான், சாப்பிட்டனீங்களோ?"

ஆட்கள் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. நான் "ஓம்" என்று சொல்லும்வரை அவன் மணி அடிப்பதுமில்லை.