பூந்தமல்லியில் குனிந்தபோது

பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் பஸ் மாறும் நெரிசலில் என் நான்கு வயது மகளின் கை நழுவிவிடுகிறது. பேர் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடுகிறேன். வளையல் கடை வாசலில், புர்கா அணிந்த கடைக்காரப் பெண்ணின் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறாள்.

"தெய்வமா வந்தம்மா நீ!" என்று அந்தப் பெண்ணின் காலைத் தொடக் குனிகிறேன். பதறிப்போய் என் தோளைப் பிடித்துத் தூக்குகிறாள்.

"ஐயோ, இன்னாக்கா இது! அல்லா ஒருத்தன்தான். அவனுக்கு மட்டுந்தான் தல குனிவோம். கொயந்தைய என் கண்ணுல காட்டுனதே அவன்தான். நான் சும்மா புட்சு உக்கார வெச்சேன்."

"அப்போ உனக்கு எப்படிம்மா நன்றி சொல்றது?"

"நின்னுகினே சொல்லுக்கா," என்று சிரிக்கிறாள்.

நிமிர்ந்து நின்று அவளைக் கட்டிக்கொள்கிறேன். நடுவில் மாட்டிக்கொண்ட மகள், பிஸ்கட் நொறுங்குகிறது என்று கத்துகிறாள்.